செல்போன் வாங்கும் முன்: எத்தனை நாள் உழைக்கும்?



நம் குழுக்களில் கடன் கேட்கச் சொல்லும் காரணங்கள் மாறிக்கொண்டே வருகின்றன. முன்பெல்லாம் கறவை மாடு, தையல் மிஷின், பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம், வீட்டுக்கு ஓடு மாற்ற என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். இப்போது அடிக்கடி "செல்போன் வாங்க" என்று ஒரு வரி வந்துவிடுகிறது. கூடவே வாக்குவாதமும் வருகிறது. "செல்போனுக்கெல்லாமா குழுக் காசு?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். "ஏன் மதினி, பூ வியாபாரி செல்லுலதானே காசு போட்டு விடுறாரு, அப்ப செல்லு வேணாமா?" என்று இளையவர்கள் கேட்கிறார்கள்.

எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். இன்றைக்குச் செல்போன் ஆடம்பரம் இல்லை. வங்கியில் பணம் ஏறியதும் இறங்கியதும் அதில்தான் தெரிகிறது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது, பணம் வந்ததா இல்லையா என்பதைக் குறுஞ்செய்தி பார்த்துத்தானே தெரிந்துகொண்டோம்? குழுக் கணக்கைப் பதியும் லோக்-ஓ.எஸ். செயலியும் செல்போனில்தான் ஓடுகிறது. 2023 ஜனவரியில் நூறு நாள் வேலைத் தளங்களில் தினமும் இரண்டு முறை படம் எடுத்து வருகை பதிய வேண்டும் என்று வந்தது நினைவிருக்கும். பணித்தளப் பொறுப்பாளர் கையில் இருந்த செல்போன் மக்கர் பண்ணினால் அத்தனை பேரும் வெயிலில் நிற்க வேண்டியிருந்தது.

ஆகவே கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது கேள்வி இல்லை. வாங்குகிற செல்போன் கடன் முடியும் வரையாவது உயிரோடு இருக்குமா என்பதுதான் கேள்வி. வேடசந்தூர் பக்கத்துக் குழு ஒன்றில் ஒரு சகோதரி 10,000 ரூபாய் கடன் வாங்கி, 10 தவணையில் கட்டுவதாக ஒரு செல்போன் வாங்கினார். ஆறாவது தவணை கட்டிய வாரம் அது தண்ணீர்த் தொட்டியில் விழுந்து அணைந்து போயிற்று. மீதி 4,000 ரூபாயை அவர் கட்டி முடித்தார். கட்டும்போது ஒவ்வொரு முறையும், "செத்த மாட்டுக்குத் தீவனம் வாங்குற மாதிரி இருக்குக்கா" என்பார். அந்தப் பேச்சுத்தான் இந்தப் பாடத்தை எழுத வைத்தது.

பூட்டுக்கு லீவர் கேட்கும் ஊர்

நாம் திண்டுக்கல்காரர்கள். பூட்டு வாங்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மேலே இருக்கும் பளபளப்பைப் பார்த்து நாம் ஏமாறுவதில்லை. உள்ளே எத்தனை லீவர் என்று கேட்கிறோம். கையில் தூக்கிக் கனம் பார்க்கிறோம். சாவியை நாலு தடவை போட்டுத் திருப்பிப் பார்க்கிறோம். 2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, உள்ளே இருக்கிற வேலைப்பாட்டுக்குத்தான்.

ஆனால் இதே நாம் செல்போன் கடைக்குப் போனால் என்ன செய்கிறோம்? நிறம் பார்க்கிறோம். முதுகுப் பக்கம் எத்தனை கேமரா வளையம் என்று எண்ணுகிறோம். கடைக்காரத் தம்பி சொல்லும் எண்களுக்குத் தலையாட்டுகிறோம். செல்போனுக்கும் லீவர் உண்டு. அது எது எது என்று பார்ப்போம்.

தண்ணீர், வேர்வை, மண், வெயில்

பழைய நோக்கியா 1100-ஐப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2003-இல் வந்தது. தூசி புகாதபடி ஒரே விரிப்பாக மூடிய பொத்தான்கள், தலையில் ஒரு டார்ச் விளக்கு, வேறு ஒரு பகட்டும் கிடையாது. உலகம் முழுவதும் 25 கோடிக்கு மேல் விற்றது. நம் பக்கம் மோட்டார் போடப் போகிறவர்கள் கையில் அந்த டார்ச்சுக்காகவே இருந்தது. நோக்கியா நிறுவனம் 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தபோது நம் தமிழ்நாட்டு இளம்பெண்கள் நிறையப் பேர் அங்கே வேலைக்குப் போனார்கள். 2014 நவம்பரில் அது மூடப்பட்டது. பொத்தான் போன் போய்க் கண்ணாடி போன் வந்துவிட்டது. கண்ணாடி என்றாலே கைப்பிள்ளை மாதிரிதான், பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நம் வேலையை நினைத்துப் பாருங்கள். நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிக்கும் சகோதரி விடியுமுன் பனி ஈரத்தில் செடிக்குள் நிற்கிறார். சின்னாளபட்டியில் சாயத் தண்ணீருக்கும் அலசும் தொட்டிக்கும் பக்கத்தில் வேலை. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய் தரம் பிரிப்பவர் கையில் எப்போதும் ஈரமும் மண்ணும். குளிர்சாதன அறையில் மேசைமேல் கிடக்கும் செல்போனும் நம் இடுப்பில் இருக்கும் செல்போனும் ஒரே மாதிரி உழைக்குமா?

இதற்கென்று ஒரு அளவுகோல் இருக்கிறது. பெட்டியின் மேலோ விவரத் தாளிலோ ஐ.பி. என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் அதன்பின் இரண்டு இலக்கமும் இருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு. அது 0 முதல் 6 வரை. 5 என்றால் தூசி கொஞ்சம் உள்ளே போகலாம், ஆனால் வேலையைக் கெடுக்காது. 6 என்றால் தூசி புகவே புகாது. இரண்டாவது இலக்கம் தண்ணீருக்கு. அது 0 முதல் 9 வரை. 2 என்றால் மேலிருந்து சொட்டும் துளியைத் தாங்கும், அவ்வளவுதான். 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். 8 அதற்கும் மேல். எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர் சொல்ல வேண்டும். 9 என்பது வேகமாகப் பீய்ச்சி அடிக்கும் சூடான தண்ணீருக்கு.

ஒரு சேதியைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையெல்லாம் புது போனில், சுத்தமான நல்ல தண்ணீரில் செய்வது. சோப்புத் தண்ணீர், சாயத் தண்ணீர், உப்புத் தண்ணீர் இந்தக் கணக்கில் வராது. உள்ளே இருக்கும் ரப்பரும் பசையும் நாளாக ஆக இளகும். ஒரு தடவை பிரித்து ரிப்பேர் பார்த்துவிட்டால் பழைய காப்பு இருக்கும் என்று நம்ப முடியாது. பெரும்பாலான நிறுவனங்கள் தண்ணீர் புகுந்த போனுக்கு வாரண்டியும் தருவதில்லை. ஐ.பி. 68 என்று போட்டிருக்கிறதே என்று தொட்டியில் முக்கிக் காட்ட வேண்டாம். அது விபத்துக்குத் துணை, விளையாட்டுக்கு இல்லை.

தண்ணீரைவிட மெதுவாகக் கெடுப்பது வேர்வை. செல்போனை ஜாக்கெட்டுக்குள்ளோ இடுப்பிலோ சொருகி வைக்கும் பழக்கம் நம்மில் அநேகம் பேருக்கு உண்டு. வேர்வையில் உப்பு இருக்கிறது. அது சார்ஜர் சொருகும் ஓட்டைக்குள் போய் உலோகத்தை அரிக்கும். "சார்ஜ் ஏற மாட்டேங்குது, ஒயரை ஒரு பக்கமா அழுத்திப் பிடிச்சாத்தான் ஏறுது" என்று சொல்பவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். நம் தையல் யூனிட்டில் தைத்த சின்னத் துணிப்பையில் போட்டு வைத்தாலே பாதி தொல்லை குறையும்.

நனைந்துவிட்டால்? உடனே அணையுங்கள். சார்ஜ் போடவே கூடாது. சிம்மை எடுத்துவிட்டு, துடைத்து, ஓட்டை கீழே பார்க்கும்படி மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியம் ஊரெல்லாம் நடக்கிறது. 2024-இல் ஆப்பிள் நிறுவனமே அரிசிக்குள் வைக்க வேண்டாம், துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று சொல்லிவிட்டது. அரிசி உலையில் இருக்கட்டும்.

அடுத்து கீறல். பையில் சாவியோடு போட்டால் கண்ணாடி கீறும் என்று பயப்படுகிறோம். உண்மையில் சாவி பெரிய எதிரி இல்லை. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோல் 1 முதல் 10 வரை போகும். கண்ணாடி அதில் ஐந்தரை, ஆறு. சாதாரண இரும்புச் சாவியும் பித்தளைச் சாவியும் அதற்குக் கீழேதான். ஆனால் மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. ஆகவே கண்ணாடியைக் கீறுவது பைக்குள் இருக்கும் நாலு மணல்தான். அந்தக் கண்ணாடி, இந்தக் கண்ணாடி என்று எவ்வளவு விளம்பரம் செய்தாலும் மணலுக்கு முன் அத்தனையும் கீறல் வாங்கும். வாங்கிய அன்றே மேலே ஒரு கண்ணாடி ஒட்டி, ஓரம் தடித்த ரப்பர் உறை போட்டுவிடுங்கள். முதுகுப் பக்கமும் கண்ணாடியாக இருக்கும் போனைவிட நமக்குப் பிளாஸ்டிக் முதுகே மேல். பார்க்க மட்டமாக இருந்தாலும் கீழே விழுந்தால் உடையாது.

ராணுவத் தரச் சோதனை பாஸ் என்று சில பெட்டியில் போட்டிருக்கும். அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைப் பட்டியலிலிருந்து ஒன்றிரண்டைத் தேர்ந்தெடுத்து நிறுவனமே செய்து பார்த்தாலும் அப்படிப் போட்டுக்கொள்ளலாம். அதனால் அந்த வார்த்தைக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டாம்.

பேட்டரிக்கு எதிரி வெயில். கத்திரியில் நம் சமவெளி 40 டிகிரியை ஒட்டிப் போகிறது. லித்தியம் பேட்டரி சூட்டில் சார்ஜ் ஏறினால் சீக்கிரம் கிழடு தட்டும். தகரக் கொட்டகைக்குள், அடுப்புக்குப் பக்கத்தில், தலையணைக்கு அடியில் வைத்துச் சார்ஜ் போடுவதை விட்டாலே ஆயுள் கூடும். போனின் முதுகு உப்பி எழும்புவது தெரிந்தால் அன்றோடு அதை நிறுத்திவிட வேண்டும். அழுத்தி மூடுவது, ரப்பர் பேண்டு போடுவது எல்லாம் ஆபத்து.

அடுப்பு மேடையும் பரணும்

வேகம் பற்றிக் கடையில் இரண்டு எண் சொல்வார்கள். "4 ஜி.பி., 64 ஜி.பி." என்பார்கள். பலருக்கும் இரண்டும் ஒன்றாகக் குழம்பும். முதலாவது ரேம். அது அடுப்பு மேடை மாதிரி. மேடை அகலமாக இருந்தால் ஒரே நேரத்தில் குழம்பு, பொரியல், சோறு மூன்றும் நடக்கும். குறுகலாக இருந்தால் ஒன்றை இறக்கித்தான் இன்னொன்றை ஏற்ற வேண்டும். வங்கிச் செயலியில் பாதி வேலை நடக்கும்போது ரகசிய எண் பார்க்கக் குறுஞ்செய்திக்குப் போய்த் திரும்பினால் முதலிலிருந்து ஆரம்பிக்கிறதே, அது மேடை போதாமல்தான்.

இரண்டாவது எண் சேமிப்பு இடம். அது பரண். படம், வீடியோ, செயலி எல்லாம் அங்கே கிடக்கும். 64 ஜி.பி. வாங்கினால் 64-ம் நமக்கு இல்லை. போனின் சொந்தச் சாமான்களே அதில் நல்ல பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியைக் காலை வணக்கப் படங்கள் நிரப்பிவிடும். பரண் நிரம்பினால் போன் திணறும், புதுப்பிப்பும் ஏறாது. இன்றைக்கு வாங்கினால் 128-க்குக் குறைந்து வாங்க வேண்டாம் என்பது எங்கள் யோசனை.

இங்கே ஒரு வித்தையைச் சொல்ல வேண்டும். "4 பிளஸ் 4, மொத்தம் 8 ஜி.பி. ரேம் அக்கா" என்று சொல்வார்கள். அந்த இரண்டாவது 4 உண்மையான ரேம் இல்லை. பரணில் கொஞ்சம் இடத்தை ஒதுக்கி, அதையும் மேடை என்று சொல்வது. பரணில் ஏறி யாராவது சமைப்பார்களா? அவசரத்துக்கு ஏதோ உதவும், வேகம் வராது. "பிளஸ் இல்லாம சொல்லுங்க தம்பி" என்று கேளுங்கள்.

கேமராவும் அப்படித்தான். 50 மெகாபிக்சல் என்ற எண் படத்தின் தரத்தைச் சொல்லிவிடாது. பக்கத்தில் இருக்கும் இரண்டாவது, மூன்றாவது வளையம் மலிவான போன்களில் பெரும்பாலும் அழகுக்குத்தான். நமக்கு என்ன தேவை? பாஸ்புக் பக்கம், ரேஷன் கார்டு, ஆதார் இவை படித்துக்கொள்ளும்படி விழ வேண்டும். ஆகவே கடைக்குப் போகும்போது பாஸ்புக்கைக் கையில் கொண்டு போங்கள். அங்கேயே ஒரு பக்கத்தைப் படம் எடுத்து, பெரிதாக்கி, எண்கள் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே கடை வாசலுக்கு வந்து வெயிலில் திரை தெரிகிறதா என்றும் பாருங்கள். கடை வெளிச்சத்தில் எல்லாத் திரையும் அழகுதான்.

போட்டி போடும் மூன்று போன்கள்

பெயர் சொல்லாமல் பேசினால் விளங்காது. ஒன்றுக்கொன்று போட்டியாக மூன்று மாதங்களுக்குள் இந்தியாவில் அறிமுகமான மூன்றை எடுத்துக்கொள்வோம். சொல்லும் விலையெல்லாம் அறிமுகமான அன்றைய விலை. இவற்றை வாங்குங்கள் என்று சொல்லவில்லை. எப்படி ஒப்பிடுவது என்பதுதான் பாடம். அடுத்து வரும் மாடலுக்கும் இதே கணக்குத்தான்.

சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி 2024 அக்டோபரில் வந்தது. 8 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. இடம், விலை 18,999 ரூபாய். ரியல்மி 14எக்ஸ் 5ஜி 2024 டிசம்பரில் வந்தது. 6 ஜி.பி. ரேம், 128 ஜி.பி. இடம், விலை 14,999. ரெட்மி 14சி 5ஜி 2025 ஜனவரியில் வந்தது. 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம் என்றால் 9,999. அதே ரேமில் 128 ஜி.பி. இடம் என்றால் 10,999.

முதலில் ஒரு வேடிக்கை. சாம்சங்கிலும் ரியல்மியிலும் உள்ளே இருக்கும் மூளை ஒன்றே. மீடியாடெக் டைமென்சிட்டி 6300 என்ற சிப். 4,000 ரூபாய் வித்தியாசம் இருக்கிறதே, சாம்சங் அவ்வளவு வேகமாக ஓடும் என்று நினைத்தால் தப்பு. ரெட்மியில் இருப்பது ஸ்னாப்டிராகன் 4 ஜென் 2 என்ற வேறு சிப். வாட்ஸ்அப், வங்கி, கணக்குச் செயலி இவற்றுக்கு மூன்றின் மூளையும் போதும். ரெட்மியில் மேடைதான் குறுகல்.

அப்படியானால் கூடுதல் காசு எங்கே போகிறது? ரியல்மியில் தண்ணீர்க் காப்புக்குப் போகிறது. அதன் குறியீடு ஐ.பி. 69. சாம்சங் ஐ.பி. 54, ரெட்மி ஐ.பி. 52. அதாவது பனி ஈரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்திலும் வேலை பார்ப்பவருக்கு மூன்றில் ரியல்மிதான் பொருந்தும். ரெட்மி தூறலைத் தாங்கும், தொட்டியில் விழுந்தால் தாங்காது. பேட்டரியும் ரியல்மியில் பெரிது, 6,000 எம்.ஏ.ஹெச். மற்ற இரண்டிலும் 5,000-த்தை ஒட்டி.

சாம்சங்கில் கூடுதல் காசு இரண்டு இடத்துக்குப் போகிறது. ஒன்று, வெயிலிலும் தெளிவாகத் தெரியும் அமோலெட் திரை. உடைந்தால் மாற்றுவதற்கும் அது பொதுவாகச் செலவு அதிகம் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மற்றொன்றுதான் முக்கியம், புதுப்பிப்பு.

பூட்டு நன்றாக இருந்து சாவி செல்லாமல் போனால்

புதுப்பிப்பு என்றால் என்ன? திருடர்கள் புதுப்புது கள்ளச்சாவி செய்துகொண்டே இருக்கிறார்கள். தயாரிப்பு நிறுவனம் அதற்கு ஏற்பப் போனின் உள்பூட்டை மாற்றி மாற்றி அனுப்புகிறது. அது நின்ற நாளிலிருந்து போன் ஓடும், ஆனால் காவல் இல்லாத வீடு. அதில் வங்கிச் செயலியை வைத்திருக்கிறோம். இன்னும் சில வருடம் போனால் செயலிகளும் "உன் போன் பழசு" என்று கதவை மூடிவிடும்.

இது வெறும் பேச்சில்லை. 2017-இல் ஜியோபோன் வந்தது நினைவிருக்கிறதா? 1,500 ரூபாய் முன்பணம் கட்டி நம் சகோதரிகள் எத்தனையோ பேர் வாங்கினார்கள். 2018 செப்டம்பரில் அதில் வாட்ஸ்அப்பும் வந்தது. குழுச் செய்தியெல்லாம் அதில் ஓடியது. 2024 ஜூனில் அந்த வகைப் போன்களில் புதிதாக வாட்ஸ்அப் ஏற்றுவது நிறுத்தப்பட்டது. 2025 தொடக்கத்தில் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கும் நின்றது. போன் உடையவில்லை, நனையவில்லை, பொத்தானும் தேயவில்லை. ஆனாலும் அந்த வேலைக்கு ஆகாமல் போய்விட்டது. உழைப்பு என்பதற்கு இந்த அர்த்தமும் இருக்கிறது என்று அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

இப்போது கணக்குக்கு வருவோம். கேலக்ஸி ஏ16-க்கு ஆறு வருடம் பாதுகாப்புப் புதுப்பிப்பு தருவதாக நிறுவனம் வாக்குக் கொடுத்திருக்கிறது. 18,999-ஐ 6-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 3,167 ரூபாய். ரெட்மி 14சி-க்கு நான்கு வருடம். 128 ஜி.பி. மாடலின் 10,999-ஐ 4-ஆல் வகுத்தால் வருடத்துக்கு 2,750. விலையைப் பார்த்தபோது 8,000 ரூபாய் வித்தியாசம் மலை மாதிரி தெரிந்தது. வருடக் கணக்கில் பார்த்தால் 417 ரூபாய்தான். ரியல்மி 14,999 ரூபாய். அது நாலே முக்கால் வருடமாவது உழைத்தால்தான் சாம்சங்கின் வருடக் கணக்குக்குச் சமமாகும். தண்ணீர்க் காப்பு நம் வேலைக்குத் தேவை என்றால் கொடுக்கலாம், வீட்டுக்குள் வேலை பார்ப்பவர் அதற்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த வருடங்கள் நாம் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. இரண்டு வருடம் கழித்து ஆஃபரில் மலிவாக வாங்கினால் அந்த இரண்டு வருடம் போனது போனதுதான். ஆடி தள்ளுபடியில் பழைய மாடலைத் தலையில் கட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் புதிய விதி வந்திருக்கிறது. 800 முறை முழுச் சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரி 80 சதவீதம் தாங்க வேண்டும். உதிரி பாகம் விற்பனை முடிந்தும் ஏழு வருடம் கிடைக்க வேண்டும். கீழே விழுந்தால் எவ்வளவு தாங்கும், பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்பதைப் பெட்டியில் எழுத்துக் குறியீட்டால் காட்ட வேண்டும். நம் ஊரில் மின்விசிறிக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நட்சத்திரம் போட்டுக் காட்டுவது போலத்தான். செல்போனுக்கும் அப்படிப் போட்டால் நமக்கு எவ்வளவு சுலபமாக இருக்கும்!

யாருக்கு எது

குழுக் கணக்குப் பார்க்கும் சகோதரிக்கு ரேம் அகலமும் நீண்ட புதுப்பிப்பும் வேண்டும். கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும், பல பேருடைய கணக்கு அதில் இருக்கிறது. தோட்டத்திலும் சாயப் பட்டறையிலும் வேலை பார்ப்பவருக்குத் தண்ணீர்க் காப்பு. பேசவும் வங்கிச் செய்தி பார்க்கவும் மட்டும் வேண்டியவருக்கு ஸ்மார்ட்போனே தேவையில்லை, நல்ல பொத்தான் போன் போதும். 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே முறையில் பொத்தான் போனிலிருந்தும் பணம் அனுப்பலாம். "பக்கத்து வீட்டுல எல்லாரும் வச்சிருக்காங்க" என்பதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

5ஜி, விரல் ரேகை, முக அடையாளம் என்று மற்றவை எல்லாம் கூட்டுக்கறி மாதிரி. இருந்தால் நல்லது. தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதியை மட்டும் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். எழுதச் சிரமப்படும் மூத்த உறுப்பினர்களுக்கு அது பெரிய உதவி, அதற்கென்று விலை அதிகமான போன் வேண்டியதில்லை.

கடையில்

பழுது பார்க்கும் மையம் திண்டுக்கல்லில் இருக்கிறதா, மதுரைக்குப் போக வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். நத்தத்திலிருந்தோ வேடசந்தூரிலிருந்தோ மதுரை போய் வர ஒரு நாள் கூலி போச்சு, பஸ் காசு வேறு. அடுத்தது, திரை உடைந்தால் மாற்ற எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்பே கேட்க வேண்டும். போன் விலையில் பாதிக்கு மேல் சொன்னால் யோசியுங்கள். பெட்டிக்குள் சார்ஜர் இருக்கிறதா என்றும் பாருங்கள். நாம் ஒப்பிட்ட மூன்றில் சாம்சங் பெட்டியில் சார்ஜர் கிடையாது, தனியாக வாங்க வேண்டும்.

கடைத் தவணை பற்றி ஒரு கணக்கு. குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 10,000 வாங்கி மாதம் ஆயிரமாக அசல் கட்டினால், முதல் மாத வட்டி 100, அடுத்த மாதம் 90, கடைசி மாதம் 10. மொத்த வட்டி 550 ரூபாய். அதுவும் நம் குழுவுக்கே திரும்பி வருகிறது. கடையில் "வட்டியே இல்லக்கா" என்பார்கள். செயலாக்கக் கட்டணம், காப்பீடு, அட்டைக் கட்டணம் என்று தனித்தனியாகச் சேர்ப்பதை எல்லாம் கூட்டிப் பாருங்கள். 550-ஐத் தாண்டினால் வட்டியில்லாக் கடனைவிட நம் வட்டிக் கடனே மலிவு.

பில் இல்லாமல் வாங்கவே கூடாது. செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் கவனம். போனில் *#06# அடித்தால் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருக்கும் எண்ணோடு ஒத்துப் போக வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தை அடித்து, ஓர் இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் எந்த நிறுவனம், எந்த மாடல் என்று பதில் வரும். கடைக்காரர் சொன்னதும் அதுவும் வேறாக இருந்தால் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

அந்த எண்ணை பாஸ்புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு, 2023 மே மாதம் மத்திய அரசு தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் அந்த எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கலாம். எண் தெரியாமல் எதையும் முடக்க முடியாது. கடை வாரண்டியை மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பணம் ஏமாந்தால் உடனே 1930. இந்த இரண்டு எண்ணும் ஒவ்வொரு குழுவின் சுவரிலும் இருக்கட்டும்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை

எல்லோரும் அவரவர் செல்போனோடு வாருங்கள். செட்டிங்ஸ் திறந்து, கடைசியில் இருக்கும் "அபவுட் போன்" பகுதிக்குள் ஆண்ட்ராய்டு பதிப்பைத் தொட்டால் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி தெரியும். சில போன்களில் "செக்யூரிட்டி" என்ற பகுதிக்குள் இருக்கும். தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். உறுப்பினர் பெயர், போன் வாங்கிய வருடம், கொடுத்த விலை, இந்தத் தேதி நான்கையும் ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதுங்கள். தேதி ஒரு வருடத்துக்கு முந்தியதாக இருந்தால் சிவப்பு மையில் வட்டம் போடுங்கள். அவர்கள் வங்கிச் செயலியை அந்தப் போனில் தொடர்வதா என்று கூட்டத்திலேயே பேசி முடிவெடுங்கள். தாளை ஊக்குநர் வழியாகக் கூட்டமைப்புக்கு அனுப்பி வையுங்கள். எந்தப் போன் நம் பக்கம் எத்தனை வருடம் உழைத்தது என்று எல்லாக் குழுவின் தாளையும் சேர்த்துப் பார்த்து அடுத்த இதழில் எழுதுகிறோம்.